காலித் தட்டுக்கு வந்த பையன்

இப்படிக் கிட்டே வந்து உட்கார், மகளே. அந்த நாற்காலியின் கால் ஆடுகிறது, வேறொன்றை இழுத்துக்கொள். தேநீர் ஆறினால் ஆறட்டும். உனக்கு ஒரு கதை சொல்கிறேன், எதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். நான் முடிக்கும்வரை நடுவில் எழுந்திருக்காதே.

கெண்டை மீனை உயிரோடு வாங்கிவந்து குளியல் தொட்டியில் விட்டு வைப்பது தொந்தரவு பிடித்த வேலைதான். வீட்டில் யாரும் குளிக்க முடியாது. ஆனால் கடையிலேயே வெட்டி வாங்கினால் சேற்று வாடை போகாது. நல்ல தண்ணீரில் கொஞ்ச நாள் நீந்தினால்தான் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விருந்துக்கு அது லாயக்கு. உன் வீட்டிலும் அப்படித்தான் செய்திருப்பாய்.

என் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறேன். கிராகுவ் நகரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தங்கிவிட்டுப் போவார்கள். இந்த முறை லூப்ளினிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் வந்தார்கள். யாக்னா என்று ஒரு பெண், நெட்டையாகக் கயேத்தான் என்று ஒருவன், அப்புறம் டிமோன். டிமோனுக்குச் சொந்த ஊர் டார்னுவ், இங்கிருந்து ரயிலில் கொஞ்ச தூரம்தான். நண்பர்களோடு ஊரைப் பார்த்துவிட்டு, விருந்துக்கு அம்மாவிடம் போய்ச் சேர்வதாகத் திட்டம்.

வந்த அன்றே குளியலறையில் ஒரே சிரிப்பு.

"டேய் டிமோன், உனக்கு முன்னாடியே ஒருத்தர் குளிச்சிட்டு இருக்கார்டா" என்றாள் யாக்னா.

"நம்ம கணக்கு வாத்தியார் மாதிரியே முழிக்கிறாரே" என்றான் கயேத்தான். அதிலிருந்து மீனுக்கு வாத்தியார் என்றே பெயர் ஆகிவிட்டது. காலையில் வாத்தியாருக்கு வணக்கம், இரவில் வாத்தியாருக்கு ரொட்டித் துணுக்கு. வீட்டில் குரல் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. நான் கதவருகே நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

விருந்தன்று காலையில் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். யாக்னா கண்ணைக் கசக்கிக்கொண்டு, "லியோகாடியாம்மா, வாத்தியாரை ஆத்துல விட்டுடலாமே" என்றாள். குளிர்காலத்தில் ஆற்றில் விட்டால் அது பட்டினியாய், மெதுவாய்ச் சாகும். அடித்தால் உடனே முடியும். எது இரக்கம் என்று நீயே சொல். ஈரத் துணியை மீனின் கண்மேல் போர்த்தினேன். கண் மறைந்தால் அது திமிறாது. டிமோன் மட்டும் வாலைப் பிடித்துக்கொள்ள வந்தான். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பிடித்தான். கண்ணுக்குப் பின்னால் மரச் சுத்தியால் அடித்தேன். முதல் அடியில் வாய் திறந்தது. மூன்றாவதில் வால் அடங்கியது.

"அவ்ளோதானாம்மா?" என்றான்.

"அவ்வளவுதான் கண்ணா. பயமில்லாம அடிச்சா அதுக்கு வலிக்காது."

ஆளுக்கொரு செதிலைக் கழுவிக் கொடுத்தேன், பணப்பையில் வைத்தால் வருஷம் முழுக்கப் பை காயாது என்று. டிமோனின் பணப்பையில் நீங்கள் கண்டெடுத்தது அதுதான். அது ஒரு தடயம் என்று உன்னோடு வந்தவர் சொன்னார். அது என் ஆசீர்வாதம், மகளே.

அவர்கள் கிளம்பத் தயாரானபோது நான் மேசை விரித்துக்கொண்டிருந்தேன். விரிப்புக்கு அடியில் இயேசு பிறந்த தொழுவத்தை நினைத்துக் காய்ந்த புல், மேலே இரண்டு தட்டு. ஒன்று எனக்கு. இன்னொன்று எதிர்பாராமல் வருகிற விருந்தாளிக்கு. போலந்தில் எல்லா வீட்டிலும் வைப்பதுதான். ஆனால் யோசித்துப் பார், யார் வீட்டிலாவது அந்தத் தட்டில் யாராவது சாப்பிட்டதைக் கண்டிருக்கிறாயா? வைப்பதோடு சரி. நான் அப்படியல்ல. கதவைத் தாழிடாமல் காத்திருப்பேன்.

விருந்து முடிவதற்குள் யார் எழுந்தாலும் அவர் அடுத்த விருந்தைப் பார்க்கமாட்டார் என்பதையும் அந்தப் பிள்ளைகளிடம் சொன்னேன். பரிமாறுகிறவளுக்கு மட்டும்தான் விலக்கு.

"அப்போ அவசரமா ஒண்ணுக்கு வந்தா?" என்றான் கயேத்தான்.

"முன்னாடியே போயிட்டு வந்து உட்காரணும்."

"மரியா கோவில் கோபுரத்துல எக்காளம் ஊதுறவரு பாதியில நிறுத்திடுறாரே. அவருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டான் டிமோன்.

"முதல்ல ஊதினவன் தொண்டையில அம்பு பாஞ்சுதானே நின்னுச்சு, கண்ணா."

மூன்று பேரும் சிரித்தார்கள். பிறகு என் கணவரைப் பற்றிச் சொன்னேன். ஒரு வருஷம் கொழுக்கட்டை பரிமாறும்போது, முன்னே தின்ற மீனின் முள் தொண்டையில் குத்தியது என்று என்னைத் திட்டிக்கொண்டு எழுந்து போனார். அடுத்த ஈஸ்டருக்கு முன்னால் நிலவறைப் படியில் விழுந்து கழுத்து ஒடிந்து போனார். அதற்குப் பிறகு பிள்ளைகள் சிரிக்கவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு, என் கையில் முத்தம் வைத்து, ரயில் நிலையத்துக்குப் போனார்கள்.

விருந்தைத் தொடங்கிவைக்கும் முதல் நட்சத்திரம் எதிர்வீட்டுக் கூரைக்கு மேலே வந்தது. பிட்டு, வாழ்த்துச் சொல்லிப் பகிர்கிற மெல்லிய அப்பத்தைக் கையில் எடுத்தேன். அப்போது கதவைத் தட்டினார்கள்.

டிமோன் நின்றான், மூக்கு சிவந்து. அம்மாவுக்கென்று சந்தையில் வாங்கிய, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் கண்ணாடி உருண்டையைக் கட்டிலுக்கடியில் மறந்துவிட்டானாம். நண்பர்கள் ரயிலேறிப் போய்விட்டார்களாம். அடுத்த ரயில்தான் அன்றைக்குக் கடைசி.

"எடுத்துட்டு ஓடிடுறேன், லியோகாடியாம்மா."

அவன் உருண்டைக்காக வந்ததாக நினைத்தான். நட்சத்திரம் வந்த கையோடு என் வாசலில் வந்து நிற்க அவனுக்கு வேறொரு காரணம் இருந்தது, அது அவனுக்குத் தெரியவில்லை. இளம் பிள்ளை. பூட்ஸைக் கழற்றச் சொல்லி, வீட்டுச் செருப்பைப் போட்டுவிட்டேன். உருண்டையை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்தவனை அந்தத் தட்டின் முன்னால் உட்காரவைத்தேன். மரியாதை தெரிந்தவன், மறுக்கவில்லை. அப்பத்தைப் பிட்டு எனக்குக் கொடுத்து, "நல்லா இருங்கம்மா, தனியா இருக்காதீங்க" என்றான். அப்படியே சொன்னான். எழுதிக்கொள்.

பீட்ரூட் ரசம் குடித்தான். ஹெர்ரிங் மீன் சாப்பிட்டான். காளான் கொழுக்கட்டையில் இரண்டு. நடுவில் கைப்பேசி அடித்தது. அவன் அம்மாவின் குரல் எனக்கே கேட்டது.

"எங்கடா இருக்க? நீ வராம நாங்க யாரும் உட்காரமாட்டோம். ரசம் ஆறிப் போகுது."

"இதோ கிளம்பிட்டேன்மா. கடைசி ரயில புடிச்சிடுவேன். வாத்தியாரைப் பத்தி வந்து சொல்றேன், சிரிப்பீங்க."

பேசிவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

"உட்காரு கண்ணா. இன்னும் கெண்டை மீனே வரல. நீ வால் புடிச்ச மீன்."

"ரயில் போயிடும்மா. அம்மா காத்துக்கிட்டிருக்காங்க."

"எழுந்திருச்சா என்ன ஆகும்னு சொன்னேன்ல."

"அதெல்லாம் சும்மாம்மா" என்றான். சிரித்துக்கொண்டே என் நெற்றியில் முத்தமிட்டான். எழுந்துவிட்டான்.

நான் கெஞ்சவில்லை. கோபமும் படவில்லை, அதைக் குறித்துக்கொள். இது அவனுக்கு நல்லதற்கில்லையே என்ற வருத்தம் மட்டும்தான். ஒரு வருஷம் முழுக்க அது எப்போது, எங்கே வருமோ என்று ஒரு பிள்ளை தெருத்தெருவாய் அலைய வேண்டுமா? ரயிலடியில் வரலாம், ஏதோ ஆஸ்பத்திரியில் வலியோடு வரலாம். அவன் அம்மா பக்கத்தில் இல்லாத இடத்தில் வரலாம். நான் பக்கத்தில் இருந்தேன்.

வாசலில் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். பழைய பூட்ஸ், கயிறு நீளம், வெகு நேரம் பிடித்தது. மரச் சுத்தி சமையலறைத் திட்டில் காய்ந்துகொண்டிருந்தது. மெல்லிய கழுத்து அவனுக்கு, முடி புதிதாய் வெட்டியிருந்தான். முதல் அடியில் அவன் விழவில்லை. கையைத் தரையில் ஊன்றித் திரும்பி என்னைப் பார்த்தான். பல் ஒன்று உடைந்திருந்தது. "ஏம்மா" என்றான். கண்ணாடி உருண்டை பாக்கெட்டிலேயே நொறுங்கியது. ஊர்ந்து கதவின் கைப்பிடியைப் பிடிக்கப் போனான். அந்த விரல்களின்மேலும் ஒரு அடி போட வேண்டியிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஈரத் துணியை மறந்துவிட்டேன். போய் நனைத்துக்கொண்டு வந்து அவன் கண்மேல் போட்டேன். நான் கொடுமைக்காரி இல்லை. அதற்குப் பிறகு பயமில்லாமல் அடித்தேன். சுவரில் காலண்டர் உயரத்துக்குத் தெறித்தது. எத்தனை என்று எண்ணவில்லை. கால் அடங்கும்வரை.

மேசைக்கு இழுத்து வருவதுதான் சிரமமாக இருந்தது. எனக்கு இடுப்பு வலி. உட்காரவைத்து, சாய்ந்துவிடாமல் என் கம்பளிச் சால்வையால் நாற்காலியோடு கட்டினேன். பூட்ஸைக் கழற்றி வீட்டுச் செருப்பை மறுபடி போட்டுவிட்டேன். மீனைப் பொரித்துப் பரிமாறினேன், தலைப்பக்கத் துண்டு அவனுக்கு. வெகு காலத்துக்குப் பிறகு இரண்டு பேராய் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவனுக்கு அவசரம் ஏதும் இல்லை.

கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. பாவம், அந்த அம்மாள் பசியோடு இருப்பாளே என்று எடுத்தேன்.

"கவலைப்படாதீங்கம்மா. மேசையிலதான் இருக்கான். நீங்க சாப்பிடுங்க."

"அவன்கிட்ட குடுங்க" என்றாள்.

"சாப்பிடும்போது பேசக் கூடாது" என்று சொல்லி வைத்தேன்.

அதன் பிறகுதான், அவள் சொல்லித்தான் போலிருக்கிறது, நீங்கள் கதவை உடைத்துக்கொண்டு வந்தீர்கள். தாழிடவே இல்லை, தட்டியிருந்தால் போதும். உலர்பழத் தண்ணீரைக் கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்தேன். அது ஒன்றுதான் பாக்கி. அவன் அதைக் குடிக்காமல் போனது உங்களால்தான்.

ஆமாம், அடித்தது நான்தான். வழக்கம் தானாக நடந்துவிடாது, மகளே. யாராவது கை கொடுக்க வேண்டும். என் கணவர் எழுந்து போன வருஷம் குளிர்காலம் முடியும்வரை காத்திருந்து பார்த்தேன், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நிலவறையிலிருந்து உருளைக்கிழங்கு எடுத்துவரச் சொல்லி, படியில் பின்னாலேயே போனதும் நான்தான். ஆனால் பாதியில் எழுந்தது அவர்கள். அந்த இடத்தில் என் பங்கு எதுவும் இல்லை.

முடித்துவிட்டேன். இனி நீ எழுந்திருக்கலாம். முன்பு ஏன் எழ வேண்டாம் என்றேன் தெரியுமா? நேற்று நீ என் வீட்டுக்குள் வந்தபோது உன் உதட்டோரம் பீட்ரூட் கறை இருந்தது. உன் வீட்டு மேசையிலிருந்து பாதியில் எழுந்து வந்திருக்கிறாய், எனக்காக. அதை நினைத்து இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. படியில் இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொள். பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொள். உன் வீட்டில் எந்தத் தட்டும் காலியாக இருக்கவேண்டாம். உன் பிள்ளைகள் ரசம் ஆறுமுன் வந்து உட்காரட்டும், கடைசி வகை முடியும்வரை ஒருவரும் எழாமல் இருக்கட்டும். உன் வீடு நிறைந்திருக்கட்டும், மகளே.