தவினுக்கு மூக்காக இருந்த காலம்

எனக்கு நல்ல மூக்கு, ஐயா. மீன்சாறு கெட்டிருந்தால் சீசாவைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுவேன். நில அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது, எந்த அதிகாரி மத்தியானமே குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று என்னைக் கேட்டுக்கொண்டுதான் மற்றவர்கள் கையெழுத்துக்குப் போவார்கள்.

பக்கத்து வீட்டுத் தவினுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பெருந்தொற்றுக் காலத்துக் காய்ச்சலோடு அவனுக்கு வாசனை போனது; திரும்பவில்லை. அவன் மனைவி சலாவ் மிளகாயைக் கருகவிட்டாலும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான்.

எங்கள் பிரே ஊரில் வீட்டுக்கு வீடு தேக்குத் துண்டு கிடக்கும். தவின், தூண்மேல் நிற்கும் தன் வீட்டுக்கு அடியில், தூண்களுக்கு நடுவே பலகை அடைத்து ஒரு தச்சுப் பட்டறை வைத்திருந்தான். அங்கே மேசைமேல் வைக்கும் லேசர் வெட்டு இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. அன்றோடு தெருவுக்கு நிம்மதி போயிற்று. எல்லார் வாசலிலும் பெயர்ப்பலகை. கோழிக்கூண்டுக்குப் பெயர்ப்பலகை. என் நாயின் கழுத்திலும் ஒன்றைத் தொங்கவிட்டான். அது படிக்காத நாய் என்றேன்.

"கடிபட்டவன் படிச்சுக்குவாண்ணே, யாரு கடிச்சதுன்னு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் என்ன சொன்னாலும் சிரிப்பார்கள்.

பிறகு சாவு வீடுகளைப் பிடித்தான். தகனத்துக்கு வந்தவர்களை நாங்கள் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. ஒரு விசிறியோ தைலக் குப்பியோ நினைவாகக் கொடுப்போம். தவின் இதில் இறங்கிய பிறகு விசிறியை யார் சீண்டினார்கள்? செத்தவரின் முகத்தை உள்ளங்கை அகலத் தேக்கு வட்டில் பொறித்து, ஓரத்தில் தோல்வார் கோத்துக் கொடுப்பான். ஆட்கள் இரண்டு மூன்று கேட்டு வாங்கினார்கள். அடுத்த சாவு யார் வீட்டில் என்று காத்திருந்தவர்களையும் எனக்குத் தெரியும்.

என் மனைவி லமாய் போனபோதும் அவன்தான் செய்தான். படமும் அவன் எடுத்ததே. கோயில் திருவிழாவில் வாய்நிறையச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அந்தச் சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அது பரவாயில்லை. கொஞ்ச நாள் கழித்து நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரி அந்த வட்டை மேசையில் போட்டு, அதன்மேல் ஐஸ் காப்பித் தம்ளரை வைத்தாள்.

"நம்ம அக்காதான், அண்ணே. நல்ல மரம். தண்ணி இறங்கவே இல்ல."

நான் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். கோபப்பட்டேன் என்று எழுதாதீர்கள்.

தோல்வாருக்கு, செருப்புப் பட்டறைகளில் கழித்த துண்டுகளைத் தவின் மூட்டையாக வாங்கிவருவான். சில மூட்டை நிஜத் தோலாக இருக்கும், சில மூட்டை தோலாக நடிக்கும் பிளாஸ்டிக்காக இருக்கும். லேசர் பட்டால் தோலில் முடி கருகும் வாடை வரும். பிளாஸ்டிக் மூக்கைக் குத்தும். அந்தப் புகை ஆளையும் தின்னும், இரும்பையும் தின்னும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் தவின்தான், மிகப் பொறுமையாக. ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு துண்டில் லேசரால் கீறல் போட்டுவிட்டு வேலிக்கு வருவான்.

"அண்ணே, உங்க மூக்கக் கொஞ்சம் கடன் குடுங்க."

நான் பட்டறை வாசலில் நின்றபடியே மோந்து சொல்வேன். உள்ளதை உள்ளபடிதான் சொல்லிவந்தேன். அந்தக் காப்பிக்குப் பிறகு வந்த மூட்டை குத்தியது. என் கண்ணில் நீர் கோத்தது.

"எப்பிடிண்ணே?"

"முடி கருகுற வாடைதான்."

"ஏண்ணே அழுவுறீங்க?"

"அவ ஞாபகம் வந்திருச்சு."

அவன் என் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

அது வயலையும் காட்டையும் எரிக்கும் பருவம். வெளிப்புகை வராமல் பட்டறைச் சன்னல்களை அடைத்திருந்தான். இயந்திரத்தின் புகையை வெளியே தள்ளும் விசிறி மட்டும் ஓடியது. உள்காற்றைத் தள்ளத் தள்ள, ஊர்ப்புகைதானே பலகை இடுக்குவழியாக உள்ளே வரும் என்று விளக்கினேன். அறிவியல்படி அது சரி. "அண்ணன் மூளையே மூள" என்று விசிறியை நிறுத்தினான்.

கண் எரிந்தது, இருமினான். ஊரே இருமும்போது ஓர் இருமலை யார் தனியாகக் கேட்பது? விடியுமுன் சந்தைக்குப் போய் இருட்டியபின் திரும்பும் சலாவ் ஒருமுறை, "வீடே என்னமோ நாறுது" என்றாள். "ஊரே நாறுது, தங்கச்சி" என்றேன். அதுவும் சரி. இயந்திரத்தின் கம்பிகள் துருப்பிடித்தபோது, மழையில்லாத மாசத்தில் ஏது துரு என்று தவின் கேட்டான். பழைய மழையாக இருக்கும் என்றேன். பின்னால் சலாவ் அதை விற்கக் கூப்பிட்ட மெக்கானிக் என்னைப்போல் இல்லை. துருவைப் பார்த்ததும் பிளாஸ்டிக் எரித்த புகை என்று சொல்லிவிட்டான். அதனால்தான் நீங்கள் வந்தீர்கள்.

ஒருநாள் தவினுக்கு மூச்சு முட்டி, பேச்சு நின்றது. நான்தான் என் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சின்னப் பெண்.

"என்ன வேலை பாக்குறாரு?"

தவின், நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல என்னைப் பார்த்தான்.

"மரவேலைங்க."

"பெயின்ட், பிளாஸ்டிக், அப்பிடி ஏதாவது எரிக்கிறாரா?"

"தேக்கும் தோலும்தாம்மா."

"அப்ப காடு எரிக்கிற புகைதான். வெளிய விடாதீங்க. சன்னலெல்லாம் சாத்தி உள்ளயே வைங்க."

டாக்டர் சொன்னபடி மேலே வீட்டுச் சன்னல்களையும் நானே சாத்தினேன். கொஞ்சம் தேறியதும் எழுந்து பட்டறைக்கு வந்துவிட்டான். ஒரு சாவு வீட்டு வேலை பாதியில் நின்றது. புது மூட்டையைப் பிரித்து, ஒரு துண்டில் கீறல் போட்டு, வாசலில் நின்ற என்னைப் பார்த்தான். பேச வரவில்லை. விரலால் மூக்கைத் தொட்டுக் காட்டினான். குத்தியது. நான் சரி என்று தலையசைத்தேன். அவன் கதவைச் சாத்திக்கொண்டான். இருட்டியபின் சலாவ் வந்துதான் திறந்தாள்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன். தவினைக் கொன்றது நான்தான் என்பது சரி, கையெழுத்துப் போடுகிறேன். 'பொய் சொல்லி' என்று ஓரிடத்தில் இருக்கிறது, அதை மட்டும் அடித்துவிடுங்கள். அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை, ஐயா.