பசறையில் இருந்த சாவி

பிள்ளையைத் தூங்க வைக்க முதுகைத் தட்டக் கூடாது, மகள்; உள்ளங்காலைத் தடவிக் கொடுக்க வேண்டும். ஆனால் பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்து அழுதால் எனக்கு இருப்பது இரண்டு கைதானே. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் மெதுவாகவே சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஆறு வருஷமாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் இந்த ரெங்கம்மா. தாய்மார் காலையில் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவார்கள். மடுவத்துக்கு நேர்மேலே தேயிலை மலை. கீழே ஒன்று வீறிட்டால் மேலே பால் சுரந்து சட்டை நனையும், கை நின்றுவிடும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பாதி நாள் சம்பளம்தான். கங்காணி மாரிசாமிக்கு வாயும் சும்மா இருக்காது. "ஏ சஜீவனி, காத மடுவத்துலயே கழட்டி வச்சிட்டு வந்தியா புள்ள?" என்பாராம். மத்தியானம் பால் கொடுக்க வரும்போது அவள் அதைச் சொல்லி அழுவாள். எனக்குத் தாங்காது.

மடுவத்து மூலையில் இடுப்பளவு மருந்து அலமாரி, வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். முன்னால் தெரிகிற சாவித்துவாரம் ஒப்புக்குத்தான். உண்மையானது அடிப்பலகையில். மருத்துவிச்சி ஷிப்னா மிஸ் வரும் நாட்களில் குனிந்து கீழேயிருந்து சாவியை விடுவார். வேலை முடிந்ததும் சாவியோடு பசறை டவுனுக்குப் பஸ் ஏறிவிடுவார். உள்ளே சளிக்குக் கொடுக்கும் பாணி மருந்து இருந்தது. குடித்த பிள்ளை அடித்துப்போட்ட மாதிரித் தூங்கும்.

மூன்று நாள் குடைக்கம்பியை விட்டுக் குடைந்தேன். மசியவில்லை. நாலாம் நாள் கொழுந்து லொறி போன அதிர்ச்சியில் உள்ளே 'டக்' என்றது. அப்போதுதான் புரிந்தது: ஓர் இரும்பு நாக்கு தன் பாரத்தில் தொங்கிக் கதவைப் பிடித்திருக்கிறது, சாவி அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது, அம்புட்டுதான். முன்கால்களுக்குக் கீழே விறகுக்கட்டை கொடுத்து அலமாரியைச் சுவரில் சாய்த்தேன். நாக்கு தானாகப் பின்னுக்குப் போனது, கதவு திறந்தது. கதவைச் சாத்திக் கட்டையை எடுத்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும். அன்றிலிருந்து பிள்ளைக்கு ஒரு கரண்டி பாணி மருந்து.

"ரெங்கம்மாக்கா, என்னா மந்திரம் போடுறீங்க? எங்க வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் போடுங்களேன்" என்று சஜீவனி சிரிப்பாள். நான்கு மாதம் ஒருத்திக்கும் அரைப்பேர் விழவில்லை.

குறைந்த மருந்துக்கு ஆறின தண்ணீர் ஊற்றி வைப்பேன். தண்ணீர் கூடக்கூடக் கரண்டியையும் கூட்டினேன். அந்தச் செவ்வாய்க்கிழமை அலமாரியில் புதுப் போத்தல் இருந்தது. கரண்டியை நான் குறைக்கவில்லை. சஜீவனியின் ஏழு மாதப் பிள்ளை றுஷாந்தனுக்குப் பல் முளைக்கிற அழுகை. மத்தியானம் அவள் வந்து தூக்கினாள், அவன் எழும்பவில்லை.

பூட்டு உடையவில்லை, இருப்பது ஒரே சாவி என்று ஷிப்னா மிஸ்ஸை இந்தப் பொலிஸில் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். அவரை விட்டுவிடுங்கள். அதற்குத்தான் வந்தேன்.

சாவு வீட்டில் மற்றப் பிள்ளைகள் தாய்மார் இடுப்பில் முழித்திருந்து அழுதார்கள். என்னைக் கண்டதும் பதினொரு பேரும் அழுகையை நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதி என்னோடு லயத்து வீட்டுக்கு வந்துவிட்டது. ரேடியோ போட்டாலும் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றும் எழுதுங்கள். அன்று பத்து மணிக்கே றுஷாந்தனின் உதடு நீலம் பாய்ந்திருந்ததைப் பார்த்தேன். ஒரு சத்தம் கொடுத்திருந்தால் மலையிலிருந்து ஓடி வந்திருப்பார்கள். ஆனால் மற்றப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், மகள்.