அனுபவம் இல்லாதவர்

"எனக்கு அனுபவமே இல்லியாம், மச்சான்!"

செங்கல்பட்டில் கிளம்பிய மின்சார ரயிலில், எதிர் இருக்கைக்காரர் நனைந்த ஃபைலைத் தொடையில் அடித்துக்கொண்டு சொன்னார். மழைநீர் கீழே இறங்காதபடி மொட்டைமாடிகளுக்குத் தட்டோடு பதிக்கும் மேஸ்திரி என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

"யார் சொன்னது?" என்றார் பக்கத்திலிருந்த நண்பர்.

"வீட்டு வசதி வாரிய ஆபீஸ்லதான். காண்ட்ராக்டரா பதிவு பண்ணப் போனா, முன்னாடி கவர்மெண்ட் வேல செஞ்ச சர்ட்டிபிகேட் கேக்குறாங்க."

"அவங்க குடியிருப்புல எத்தினி மாடிக்கு நீ ஓடு போட்டுக்கீற!"

"அல்லாம் டெண்டர் எடுத்தவன் பேர்ல கீது. அவன் பேருதான் செல்லுமாம். வெயில்ல முட்டி போட்டு ஓடு பதிச்சவன் ஆளே இல்லியாம்."

"அவன்கிட்டயே எழுதி வாங்கேன்."

"எழுதிக் குடுத்தா நாளைக்கு நானே டெண்டர் போடுவேன்ல? குடுப்பானா?"

"அப்ப இன்னாதான் சொல்லிட்டு வந்த?"

"வெளிய பேய் மழ. அனுபவம் இல்லன்னு சொல்றவரு தலமேல ஒரு சொட்டு வுழல. 'சார், கொஞ்சம் நிமிந்து பாருங்க'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அந்த ஆபீஸ் மாடிக்கும் ஓடு போட்டது நாந்தான்."