எலும்புச் சட்டை

— எங்க வீட்டுக்காரரு துணிமணி, டிபன் கேரியர் எல்லாம் ஆபீஸ்ல வாங்கிட்டேன்ண்ணே. செத்த அன்னைக்கு அவரு மாட்டியிருந்தது இதுதானா?

— இதேதான் தங்கச்சி. எலும்புச் சட்டைன்னு சொல்லுவோம். முதுகுலயும் தொடையிலயும் இரும்புக் கம்பி, இடுப்புலயும் முட்டியிலயும் மோட்டார். நாம குனிஞ்சா போதும், பாரத்தை அது தூக்கிரும். எவ்வளவு பெரிய பெட்டியும் பஞ்சு மாதிரி வரும்.

— வீட்ல பிள்ளையைத் தூக்க மாட்டாரு. இதைக் கழட்டினா உடம்பு கல்லாக் கனக்குதும்பாரு. வந்ததும் தரையில சாஞ்சிருவாரு.

— இங்க எல்லாருக்கும் அதே கதிதான்.

— கடைசியா ஏதாவது சொன்னாராண்ணே?

— என்னத்தச் சொல்ல... பொசுக்குன்னு போயிட்டான். வலியே தெரிஞ்சிருக்காது.

— ஆபீஸ்லயும் அச்சு மாறாம இதையேதான் சொன்னாங்க. நீங்க கூட வேலை பாத்தவரு. நடந்ததைச் சொல்லுங்க.

— கேட்டா தாங்க மாட்டே.

— தாங்காம எங்க போயிடப் போறேன்? சொல்லுங்க.

— மத்தியானம் பேச்சே இல்லை அவனுக்கு. முகம் வெளுத்துக் கெடந்துது. கொஞ்சம் உக்காருடான்னேன். இந்த லாரி மட்டும் ஏத்திடறேன்டான்னான். சரின்னு நான் அந்தப் பக்கம் போயிட்டேன்.

— அப்புறம்?

— திரும்பி வந்து பாக்குறேன், பெட்டியை ஏந்தின மேனிக்கு நிக்கிறான். மூச்சு வாங்குறான்னு நெனச்சுக்கிட்டேன். பையில போன் அடிக்குது, அடிச்சுக்கிட்டே இருக்கு.

— நான்தான் கூப்பிட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல்.

— வீட்டுக்காரிக்கு அம்புட்டு பயமாடான்னு கிண்டல் கூடப் பண்ணேன் தங்கச்சி. பதிலே இல்லை.

— கீழ விழலையாண்ணே?

— இந்தச் சட்டை விழ விடாது. ஆள் தளர்ந்தா நிமித்திப் பிடிச்சுக்கும், அதுக்குன்னே செஞ்சது. வேலை முடிஞ்சு சங்கு ஊதினா தானா நடந்து சார்ஜ் போடுற எடத்துக்கு வந்துரும். அவனையும் நடத்திக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. பெட்டியோட. தள்ளாட்டம்கூட இல்லை. நான் தோளைத் தட்டி, நாளைக்குப் பாக்கலாம்டான்னுட்டு வெளிய போயிட்டேன். அப்புறம் சட்டையோட பட்டையைக் கழட்ட வந்தவன்தான் அலறினான்.

— பெட்டியைக்கூட எறக்கி வைக்கலையா...

— அழுதுரு தங்கச்சி. இங்க யாரும் இல்லை.

— அழுகை வரலைண்ணே. அப்ப, நீங்க தட்டினப்ப...

— அதுக்கு முந்தியே போயிட்டான்னு டாக்டர் சொன்னாரு. ரொம்ப முந்தியே.

— ம்.

— இதெல்லாம் கண்ணால பாக்கணுமா? வீட்டுக்குப் போ. உன்னை உள்ள விட்டது யாரு?

— சூப்பர்வைசர்தான் அனுப்பினாரு. எங்க வீட்டுக்காரரு பாத்த வேலைய எனக்குக் கொடுத்திருக்காங்கண்ணே. இந்தப் பட்டையெல்லாம் என் அளவுக்குச் சுருக்கிக் கட்டிவிடுங்க.