‘விழுந்துட்டேன்’ விளையாட்டு

எனக்கு நடிப்பு நன்றாக வரும், இன்ஸ்பெக்டரம்மா. தற்பெருமை என்று நினைக்காதீர்கள். சுகாதார நிலையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், எங்கே அடிபட்டது என்று சீக்கிரம் சொல் என்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் என்னைத் தப்பாக நினைக்க மாட்டீர்கள்.

எங்களைப் போன்ற தன்னார்வலர்களுக்கு அங்கே மாதாமாதம் பயிற்சி நடக்கும். வீட்டில் அடிவாங்கும் பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிப் பக்குவமாகப் பேச்சுக் கொடுப்பது, யாரிடம் தகவல் சொல்வது என்று டாக்டரம்மா சொல்லித் தருவார். பாடம் முடிந்ததும் நாடகம். ஒருத்தி தன்னார்வலர், ஒருத்தி பிள்ளை. பிள்ளை வேஷம் எப்போதும் எனக்குத்தான். இந்த உடம்பை வைத்துக்கொண்டு ரெட்டைச் சடை போட்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தால் கூடமே குலுங்கும். தன்னார்வலராக நடிக்கும் எங்கள் தெருத் தையல்காரி எதிரே குந்தி, இது எப்படிக் கண்ணு ஆச்சு என்று உருகுவாள். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு விழுந்துட்டேன் என்பேன். அவள் குட்டிக்கரணம் போட்டாலும் என் வாயிலிருந்து வேறு வார்த்தை வராது. கடைசியில் அவளுக்குத்தான் அழுகை வரும்.

டாக்டரம்மா சிரித்து ஓய்ந்து, "நீங்க இப்படி மறைச்சா நானே ஏமாந்துடுவேன்" என்றார். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

என் தம்பி மரவேலைக்காரன். அவன் இழைத்த கதவைத் தடவிப் பார்த்தால் கையை எடுக்க மனம் வராது. அம்மா போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அவனிடம் ஒரே குறை, கோபம். மூக்குக்கு மேல் வரும், வந்த வேகத்தில் போயும் விடும். போவதற்குள் கை முந்திவிடும், அவ்வளவுதான். அவன் மகளுக்கு ஆறு வயது. வாலு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அம்மா இல்லாத பிள்ளை. ஒரு இடத்தில் ஒரு நிமிஷம் இருக்க மாட்டாள். பட்டறை முழுக்க உளியும் ரம்பமும். கண்டிக்காமல் இருக்க முடியுமா?

முதல்முறை அவள் முதுகில் அடித்த தடத்தைப் பார்த்தது நான்தான். மருந்து போட்டு, மடியில் கிடத்திக்கொண்டு அழுதேன். சந்தேகம் வந்தாலே தகவல் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் பயிற்சியில் முதல் விதி. எனக்குத்தான் சந்தேகமே வரவில்லையே. எனக்குத் தெரியும். தெரிந்த விஷயத்தில் சந்தேகம் எங்கிருந்து வரும்? தவிர, அம்மா இல்லாத பிள்ளையிடமிருந்து அப்பாவையும் பிடுங்குவதா? நீங்களும் ஒரு பெண்தானே, சொல்லுங்கள்.

அதனால்தான் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தேன். நான் டீச்சராக, டாக்டராக, பக்கத்து வீட்டு அக்காவாக மாறி மாறி வந்து கேட்பேன். வாலு தலையைக் குனியக் கூடாது, திக்கக் கூடாது, அப்பா பக்கம் பார்க்கக் கூடாது. படியில் விழுந்துட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். சொன்னால் மிட்டாய். எந்த அறிகுறியைக் கவனிக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாரோ, அதையே திருப்பிப் போட்டேன். கொஞ்ச நாளில் குட்டி என்னையே மிஞ்சிவிட்டாள். டீச்சர் கேட்டதற்கு விழுந்த மாதிரி நடித்தே காட்டினாளாம், வகுப்பே கைதட்டியதாம். வந்து சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அள்ளி முத்தம் கொடுத்தேன்.

ஒரே ஓட்டை, அவர்கள் வீட்டில் படியே கிடையாது. இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை. நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து என்னை இங்கே அழைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்ற உடனே கேட்டுவிட்டீர்கள். கெட்டிக்காரிதான்.

இன்று மத்தியானம், மெருகு போட்டுக் காயவைத்திருந்த கதவின் மேல் அவள் பசை டப்பாவைக் கவிழ்த்துவிட்டாள். தம்பி பிடித்துத் தள்ளினான். நான் அங்கேதான் நின்றிருந்தேன். தடுத்தால் அவனுக்குக் கோபம் ஏறும் என்று பேசாமல் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நான்தான், அதையும் மறந்துவிடாதீர்கள். வழியெல்லாம் அவள் காதில் ஒன்றைத்தான் சொன்னேன்: "விளையாட்டு ஞாபகம் இருக்கா தங்கம்? வலிக்குதுன்னு சொன்னா நீ தோத்துடுவ."

அவள் தோற்கவில்லை என்கிறீர்கள். எங்கே தொட்டாலும் வலிக்கவில்லை என்று சிரிக்கிறாளாம். முகம் வெளுத்துக்கொண்டே போகிறதாம். உள்ளே எங்கேயோ அடி, எதில் மோதினாள் என்று தெரிந்தால் உடனே பார்க்கலாம் என்று டாக்டர்கள் தவிக்கிறார்களாம். தம்பியோ வாயே திறக்கவில்லையாம்.

எதில் மோதினாள், எங்கே பட்டது, எல்லாம் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன் என்றா சொன்னேன்? அவள் என் உயிர். என் தம்பியை ஒன்றும் செய்ய மாட்டேன் என்று நீங்கள் ஒரு வார்த்தை கொடுங்கள், அடுத்த நிமிஷம் சொல்லிவிடுகிறேன். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றால் தாராளமாகக் கேட்டுவிட்டு வாருங்கள். வாலு பொறுத்துக்கொள்வாள். நான் பழக்கிய பிள்ளை.