நடுங்க வேண்டிய கிட்டார்

வட்டகொடையில் ரயிலேறிய இருவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். மூத்தவர் தேயிலை ஃபேக்டரியில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"மெஷின் நடுங்காம பாத்துக்கிறதுதான் என் வேலை. நம்ம அசிஸ்டென்ட் மேனேஜரு சின்னதொரை என்னடான்னா, அவரு கரண்டு கிட்டாரு நடுங்கணும்ங்கிறாரு."

"செஞ்சு குடுத்தீங்களாண்ணே?"

"குடுத்தேன். கம்பியெல்லாம் மாட்டுற தகட்டுக்கு ஒரு கைப்பிடி, அடியில ஸ்பிரிங்கு. அமுக்கி விட்டா பாட்டே நடுங்குது."

"ஸ்பிரிங்கு ஏது?"

ஃபிட்டர் குரலைத் தாழ்த்தினார். "அவரு மோட்டார் சைக்கிள் சீட்டுல உருவுனது."

"ஐயையோ! தெரிஞ்சா வேல போச்சுன்னு பத்துச்சீட்டக் கையில குடுத்து தோட்டத்த விட்டே வெரட்டிருவாரே!"

"சீட்டு தூக்கித் தூக்கிப் போடுறதுக்கு ரோட்டுலதான் கோளாறுன்னு நெனைக்கிறாரு. ரெண்டு நாளா உக்கார முடியாம நின்னுக்கிட்டே வாசிக்கிறாரு. அதுதான் இப்ப ஸ்டைலுன்னு, கிளப்புல டிரம்மு அடிக்கிற தொரையும் எந்திரிச்சு நிக்கிறாராம்."