பல்லில் படாத தண்ணீர்

நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போகும் லோஞ்சுப் படகில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மெலிந்தவர் வயிற்றை ஒரு கையால் பிடித்தபடி மாத்திரை ஒன்றைச் சூப்பிக்கொண்டிருந்தார்.

“குளிசை விரதத்தை முறிக்காது மச்சாள். தண்ணிதான் முறிக்கும்,” என்றார்.

மற்றவர் திடுக்கிட்டுத் திரும்பினார். “காலமை தொடக்கம் தண்ணியே குடிக்கேல்லையோ?”

“ஒப்பரேசன் சுகமா முடிஞ்சால், தண்ணி பல்லிலை படாமல் வந்து அம்மாளைக் கும்பிடுறன் எண்டு நேர்ந்தனான். சலம் போற இடத்திலை கிருமி வராமலிருக்கத்தானே இந்த விற்றமின் குளிசை?”

“இதை நம்பித் தண்ணியை விட்டுத்தான் போன கிழமை சலக்கடுப்பும் காய்ச்சலுமாக் கிடந்தனீர். இன்னொருக்கா வந்தால் திரும்பவும் ஆசுப்பத்திரிதான். டொக்டர் முதல் சொன்னது தண்ணி. குளிசை அதுக்குத் துணை. இந்தாரும், குடியும்.”

“அம்மாள் கோவிச்சால்?”

“வயித்தை வெட்ட விட்ட அம்மாள் ஒரு போத்தல் தண்ணிக்குக் கோவிப்பாவோ? கேட்டால் என்ரை பேரைச் சொல்லும்.”

மெலிந்தவர் கோபுரம் தெரிந்த பக்கம் கும்பிட்டுவிட்டு, போத்தல் வெறுமையாகும் வரை குடித்தார். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரை கிட்ட வரும்போது அவர் மெதுவாகச் சொன்னார்: “மச்சாள், எனக்குச் சலம் முட்டுது. இறங்கின உடனை கக்கூசுக்குப் போகோணும்.”

“முட்டுதோ? அப்ப அம்மாள் கோவிக்கேல்லை.”